கம்பியில் தொங்கும் கேள்வி

தலைக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி. அதைப் பிடித்துத் தொங்குகிறான் 11 வயதுப் பையன் ஒருவன். கைகள் நீண்டு, தோள்கள் காதோடு ஒட்டிக் கிடக்கின்றன. மோவாய் கம்பிக்கு மேலே வர வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்குகிறது, நடுங்குகிறது, பழையபடி நீண்டுவிடுகிறது. கால்கள் காற்றில் உதைக்கின்றன. வரிசையில் நிற்கும் வகுப்பு முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் கையிலிருக்கும் அட்டையில் அவன் பெயருக்கு நேரே ஓர் எண்ணை எழுதுகிறார்: 0.

அமெரிக்கப் பள்ளிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் நடந்துவந்த காட்சி இது. 1985இல் அந்நாட்டில் நடந்த தேசிய ஆய்வில், 6 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களில் நான்கில் ஒருவரால் ஒரு புல்-அப்கூட எடுக்க முடியவில்லை. சிறுமிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதே பூஜ்யம்தான்.

அந்தப் பூஜ்யத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? மயிரிழையில் தவறவிட்டவனுக்கும் முழங்கையை அசைக்கவே முடியாதவனுக்கும் ஒரே எண். அவன் இதயம் எப்படி, நுரையீரல் எப்படி, போன வருடத்தைவிட இந்த வருடம் தேறியிருக்கிறானா என்று கேட்டால் அதில் பதில் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் பூஜ்யம் வாங்கும் கணக்குத் தேர்வை எந்தப் பள்ளியும் அப்படியே வைத்துக்கொண்டிருக்காது, வினாத்தாளை மாற்றிவிடும். உடற்கல்வியில் மட்டும் அந்த வினாத்தாள் மாறுவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

முதுகுவலியில் தொடங்கிய கதை

நியூயார்க்கில் முதுகுவலிக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர் ஹான்ஸ் கிரவுஸ், சோனியா வெபர் என்ற மருத்துவருடன் சேர்ந்து ஆறு எளிய அசைவுகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார். மல்லாந்து படுத்து எழ வேண்டும். குப்புறப் படுத்து மார்பைத் தூக்கி 10 நொடி நிறுத்த வேண்டும். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும். உடம்பைத் தாங்கத் தேவையான குறைந்தபட்ச வலு இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே அந்தச் சோதனையின் கேள்வி. யார் யாரை வென்றார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

1950களின் தொடக்கத்தில் கிரவுஸும் உடற்பயிற்சி ஆசிரியை பானி ப்ரூடனும் இந்தச் சோதனையை அமெரிக்கக் குழந்தைகளிடமும் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தைகளிடமும் நடத்தினார்கள். ஆறில் ஒன்றிலாவது தவறியவர்கள் ஐரோப்பாவில் 8.7 சதவீதம், அமெரிக்காவில் 57.9 சதவீதம். பனிப்போர்க் காலம் அது. 1955இல் அதிபர் ஐசன்ஹோவர் அவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து விவரம் கேட்டார். மறு ஆண்டே இளைஞர் உடல்திறனுக்கென்று ஓர் அரசுக் குழு அமைந்தது.

1958 வாக்கில் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது வேறொரு சோதனைத் தொகுப்பு: புல்-அப், சிட்-அப், ஷட்டில் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், 50 கெஜ ஓட்டம், சாஃப்ட்பால் எறிதல், 600 கெஜ ஓட்டம். 1966இல் லிண்டன் ஜான்சன் ஆட்சியில் அதற்கொரு விருதும் வந்தது. ஏழு சோதனைகளிலும் 85ஆம் சதமானத்தை எட்டியவருக்கே அதிபரின் விருது. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் முதல் 15 பேருக்குள் வர வேண்டும், அதுவும் ஏழிலும் வர வேண்டும் என்பது இதன் பொருள்.

கேள்வி மாறிப்போனது இங்கேதான். “இந்த உடம்புக்குத் தேவையான வலு இருக்கிறதா?” என்று தொடங்கிய சோதனை, “உன்னைவிட எத்தனை பேர் மேலே இருக்கிறார்கள்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இரண்டாவது கேள்விக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 85ஆம் சதமானம்தான் எல்லை என்று வைத்தால், எல்லாக் குழந்தைகளும் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும், எல்லையை மறுபடி வரையும்போது நூற்றில் 85 பேர் கீழேதான் நிற்க வேண்டும். அந்த எல்லையே அவர்களைக் கீழே வைத்துத்தான் வரையப்படுகிறது. ஏழு சோதனைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஏழிலும் தேறுவது பத்து லட்சம் பேரில் இரண்டு பேர்கூட இல்லை. நடைமுறையில் நன்றாக ஓடும் பிள்ளை நன்றாகத் தாண்டவும் செய்வதால் எண்ணிக்கை இதைவிடக் கூடும். ஆனாலும் விருது வெகு சிலருக்குத்தான். ஏற்கெனவே விளையாட்டில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்களை அது அடையாளம் கண்டது. உடற்பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைகளுக்கு அது சொன்ன ஒரே செய்தி, “இது உனக்கானதில்லை” என்பதுதான்.

ஒரே வயது, வேறு வேறு உடல்கள்

ஒப்பிட்டுப் பார்ப்பதில் என்ன தவறு, ஒரே வயதுப் பிள்ளைகள்தானே என்று கேட்கலாம். பிறந்த தேதி ஒன்றாக இருக்கலாம். உடம்பின் வயது ஒன்றாக இருப்பதில்லை.

மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்த்தால், ஒரே வகுப்பில் படிக்கும் 13 வயதுப் பையன்களில் ஒருவனுக்கு 11 வயது எலும்பும் இன்னொருவனுக்கு 15 வயது எலும்பும் இருக்கக்கூடும். பெண் குழந்தைகள் பொதுவாக 12 வயதை ஒட்டியும் ஆண் குழந்தைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு உயரம் ஏறிய பிறகுதான் தசைவலு வேகமாகக் கூடுகிறது. எட்டாம் வகுப்பில் ஒருவன் பத்து புல்-அப் எடுப்பதும் இன்னொருவன் ஒன்றுகூட எடுக்க முடியாமல் தவிப்பதும் பல நேரங்களில் உழைப்பின் வித்தியாசமே அல்ல. ஒருவனுக்குப் பருவம் முன்னால் வந்துவிட்டது. மற்றவனுக்கு இனிமேல்தான் வரும்.

புல்-அப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தசையின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. உடம்பின் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரு குழந்தை உயரம், அகலம், பருமன் என எல்லாத் திசையிலும் 10 சதவீதம் வளர்ந்தால் தசையின் பரப்பு 21 சதவீதம் கூடும். எடை 33 சதவீதம் கூடிவிடும். வலு கூடியும், தன் எடையைத் தானே தூக்கும் திறன் சுமார் 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. பருவ வளர்ச்சியில் வேறு மாற்றங்களும் சேர்ந்துகொள்வதால் உண்மையான கணக்கு இவ்வளவு எளிதாக இருக்காது. என்றாலும், பெரிய உடம்புள்ள பிள்ளை கம்பியில் திணறுவதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்றில்லை, வடிவியலும் காரணம் என்பதை இது காட்டுகிறது.

உட்கார்ந்தபடி காலை நீட்டி விரலை எட்டித் தொடும் சோதனையும் இப்படித்தான். வேகமாக வளரும் பருவத்தில் முதலில் கால் நீள்கிறது, இடுப்புக்கு மேலுள்ள உடல் பிறகுதான் நீள்கிறது. போன வருடம் விரல் நுனியைத் தொட்ட பிள்ளை இந்த வருடம் தொட முடியாமல் போவதற்குக் காரணம் தசை இறுகியதாக இல்லாமல், கால் நீண்டதாகவே இருக்கலாம்.

சின்ன வகுப்புகளில் பிறந்த மாதமே வித்தியாசம் செய்துவிடும். வகுப்பின் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு இடைவெளி இருக்கலாம். 6 வயதில் ஓர் ஆண்டு என்பது இதுவரை வாழ்ந்த வாழ்வில் ஆறில் ஒரு பங்கு. கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985இல் ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருந்தது தெரிந்தது. அங்கே வயதுப் பிரிவுக்கான கணக்கு ஜனவரி 1இல் தொடங்குகிறது. சிறு வயதில் சில மாதங்கள் மூத்தவர் என்பதால் தேர்வாகி, அதனால் கூடுதல் பயிற்சி கிடைத்து, அப்படியே மேலே போய்விட்டார்கள்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்துப் பயிற்சிக்கூடங்கள் இதற்கு ஒரு மாற்றைச் செய்து பார்த்தன. பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கம்மிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள், பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, வளர்ந்து முடிந்தபின் எட்டப்போகும் உயரத்தில் இப்போது எத்தனை சதவீதம் வந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, 85 முதல் 90 சதவீதத்தில் இருந்த சிறுவர்களை ஒன்றாக ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்த பையன்களுக்கு வெறும் உடல்பலம் மட்டும் போதவில்லை. தாமதமாக வளர்பவர்களுக்கோ பந்தைக் கையாளும் திறமையைக் காட்டவும் அணியை முன்நின்று நடத்தவும் வாய்ப்புக் கிடைத்தது.

முன்னேற்றத்துக்கு மதிப்பெண் தந்தால் போதுமா?

அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம், பிள்ளையின் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு முன்னேற்றத்துக்கு மதிப்பெண் தரலாம் என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது.

கிளாட் புஷார் தலைமையில் நடந்த ஹெரிட்டேஜ் ஆய்வில் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேர், பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளுமாக, 20 வாரம் ஒரே வகையான சைக்கிள் பயிற்சி எடுத்தார்கள். உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு சராசரியாக 0.4 லிட்டர் கூடியது. அந்தச் சராசரிக்குள் ஒரு லிட்டருக்கும் மேல் கூடியவர்களும் இருந்தார்கள்; கிட்டத்தட்ட எதுவுமே கூடாதவர்களும் இருந்தார்கள். இந்த வித்தியாசம் குடும்பம் குடும்பமாக ஒத்துப்போனது. அதில் சுமார் பாதி மரபுவழி வருவது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே உழைப்புக்கு எல்லா உடம்பும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. அப்படியானால் முன்னேற்றத்துக்கு மட்டும் மதிப்பெண் என்பதும் ஒருவகையில் பரம்பரைக்குப் போடும் மதிப்பெண்தான். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் பிள்ளைக்கு முன்னேற இடமும் இல்லை. முதல் சோதனையில் வேண்டுமென்றே மெதுவாக ஓடி, அடுத்ததில் வேகம் காட்டும் தந்திரத்தைப் பிள்ளைகள் ஒரே பருவத்தில் கற்றுக்கொண்டும் விடுவார்கள்.

போதும் என்று சொல்லும் சோதனை

டல்லஸ் நகரிலுள்ள கூப்பர் நிறுவனம் 1982இல் தொடங்கிய ஃபிட்னெஸ்கிராம் இந்தச் சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. கிரவுஸின் பழைய கேள்விக்கே அது திரும்பிப் போனது என்று சொல்லலாம். நூறு பேரில் எத்தனையாவது இடம் என்று அது சொல்வதில்லை. இந்த வயதில் ஆரோக்கியமாக இருக்க எவ்வளவு போதும் என்று ஓர் எல்லை வைக்கிறது. வகுப்பு முழுவதும் அந்த எல்லையைத் தாண்டலாம்.

தண்டால் சோதனையைப் பார்த்தால் புரியும். 3 நொடிக்கு ஒன்று என்ற தாளத்தில், முழங்கை செங்கோணமாக மடங்கும்வரை இறங்கி எழ வேண்டும். 10 வயதில் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லை: 7. பருவ வளர்ச்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பையன்களுக்கு 16 வயதில் அது 18 ஆகிறது; பெண்களுக்கு 7 என்றே தொடர்கிறது. ஒரு காலை மட்டும் நீட்டி விரலை எட்டித் தொடும் சோதனையில் 12 அங்குலத்துக்கு மேல் எட்டினாலும் 12 என்றே எழுத வேண்டும். அளவுக்கு மீறி வளைவதால் உடம்புக்கு நன்மையில்லை என்பதே காரணம்.

ஓட்டத்துக்கு ஃபிட்னெஸ்கிராம் எடுத்துக்கொண்டது, மான்ட்ரியல் ஆய்வாளர் லூக் லெஜே 1982இல் வெளியிட்ட ஷட்டில் ஓட்டத்தை ஒட்டிய சோதனை. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிப்பதிவிலிருந்து ஒரு பீப் ஒலி. அடுத்த பீப் வருவதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். முதல் சுற்றுக்குச் சுமார் 9 நொடி அவகாசம், ஏறக்குறைய நடையோட்ட வேகம்தான். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர் கூடுகிறது. இரண்டாவது முறை கோட்டைத் தவறவிட்டால் சோதனை முடிந்தது. பழைய 600 கெஜ ஓட்டத்தில், எல்லோரும் முடித்துவிட்டு நிழலில் நிற்கும்போது கடைசிப் பிள்ளை மட்டும் மைதானத்தில் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையில் கடைசிவரை தனியாக ஓடுவது வகுப்பிலேயே மூச்சு அதிகமுள்ள பிள்ளை. ஆனால் முதலில் நிற்பது யார் என்று இங்கேயும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால், நின்ற பிள்ளைகளை ஓரத்தில் உட்கார வைக்காமல், சிறு சிறு குழுவாக ஓடவைத்து, நின்றவர் தன் ஜோடிக்குச் சுற்று எண்ணிக் கொடுக்கும்படி அமைப்பது நல்லது.

2012-13 கல்வியாண்டு முதல் அமெரிக்க அரசு அதிபரின் பழைய சோதனையைக் கைவிட்டு இந்த முறைக்கு மாறியது. கலிபோர்னியா மாநிலம் இன்னும் ஓரடி முன்னே போய், 2021-22 முதல் உடற்பருமன் அளவீட்டையே சோதனையிலிருந்து எடுத்துவிட்டது. யார் தேறினார் என்பதற்குப் பதிலாக எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்பதை மட்டும் அறிக்கையாகக் கேட்கிறது. எதிர்த்திசையிலும் காற்று வீசுகிறது: 2025 ஜூலை 31 அன்று அதிபர் டிரம்ப் பழைய அதிபர் சோதனையை மீட்டெடுக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற விவாதம் அங்கே இன்னும் தீரவில்லை.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சோதனை இந்த விவாதத்துக்குத் தெளிவான வழியொன்றைக் காட்டுகிறது. நியூயார்க் மாநிலத்தின் பிராக்போர்ட் கல்லூரியில் ஜோசப் வின்னிக்கும் பிரான்சிஸ் ஷார்ட்டும் 1999இல் வெளியிட்ட தொகுப்பில் 27 சோதனைகள் உண்டு. அவற்றில் ஒரு குழந்தைக்குப் பொருந்தும் சிலவற்றை மட்டுமே ஆசிரியர் தேர்ந்தெடுக்கிறார். பார்வையற்ற பிள்ளை துணை ஓட்டக்காரரோடு ஓடலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குச் சாய்தள சோதனை உண்டு: ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் உயரும் சரிவில் தானே நாற்காலியைத் தள்ளி ஏற வேண்டும். பொதுக் கட்டடங்களின் வாசலில் இருக்கும் சரிவு அதே அளவுதான். பள்ளிக்குள், நூலகத்துக்குள், பேருந்து நிலையத்துக்குள் இந்தப் பிள்ளை தானாகப் போக முடியுமா என்பதை அந்தச் சோதனை கேட்கிறது. ஒரு சோதனை கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அட்டையில் எழுதாத எண்

சிங்கப்பூர் 1992இல் எடை கூடிய மாணவர்களுக்கென்று ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் தனியாகப் பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். பத்தாண்டுகளில் உடற்பருமன் சுமார் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. ஆனால் திட்டத்தின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ‘குண்டு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். உடன் படிப்பவர்களின் கேலிக்கு அது போதுமானதாக இருந்தது. 2007இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளுக்குமான ஆரோக்கியத் திட்டமாக மாற்றியது.

எடையைக் குறிப்பெழுதி வீட்டுக்கு அனுப்புவதால் பயன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில் 28,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. உடல் நிறை குறியீட்டெண்ணைப் பெற்றோருக்கு அறிவித்ததால் பிள்ளைகளின் எடையில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மீதான திருப்தி மட்டும் குறைந்திருந்தது.

அவமானத்துக்கு ஆயுள் நீளம். அயோவா மாநிலப் பல்கலைக்கழக (Iowa State University) ஆய்வாளர்கள் 18 முதல் 40 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பள்ளி உடற்கல்வி நினைவுகளைக் கேட்டு 2018இல் வெளியிட்டார்கள். மிக மோசமான நினைவு எது என்ற கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கினர், 34 சதவீதம் பேர், சொன்னது எல்லோர் முன்னாலும் வெட்கப்பட நேர்ந்ததை. உடற்கல்வி வகுப்பைக் கசப்போடு நினைவுகூர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகும் அதிக நேரம் உட்கார்ந்தே கழித்தார்கள். பிள்ளைகளை ஓடவைக்க வந்த சோதனை, சிலரை வாழ்நாள் முழுவதும் உட்கார வைத்துவிடக்கூடும்.

நம் மைதானங்களில்

இந்தியாவில் 2019இல் தொடங்கிய கேலோ இந்தியா பள்ளி உடல்திறன் மதிப்பீட்டில் 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, தண்டால், பகுதி சிட்-அப், உட்கார்ந்து எட்டித் தொடுதல், உடல் நிறை குறியீட்டெண் ஆகியவை உண்டு. அமெரிக்கா பட்ட பாடத்தைப் படித்துவிட்டு இவற்றை நடத்தும் வசதி நமக்கு இருக்கிறது. பெரிய செலவு எதுவும் தேவையில்லை.

எடையைத் திரைக்குப் பின்னால் பார்த்து, எண்ணை உரக்கப் படிக்காமல் எழுதலாம். காலை 7 மணிக்கு ஓடிய பிரிவையும் பங்குனி வெயிலில் மத்தியானம் ஓடிய பிரிவையும் ஒரே பட்டியலில் சேர்க்காமல் இருக்கலாம். மாதவிடாய் நாளில் இருக்கும் மாணவிக்கும் மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கும் காரணம் கேட்காமல் வேறொரு நாள் கொடுக்கலாம். முட்டி போட்டுத் தண்டால் எடுக்கும் வாய்ப்பைப் பெண், ஆண் என்று பார்க்காமல், தேவைப்படும் யாருக்கும் திறந்து வைக்கலாம். மதிப்பெண் தந்தே ஆக வேண்டுமென்றால், எத்தனை நொடி என்பதை விட்டுவிட்டு, சரியான முறையில் செய்யத் தெரிகிறதா, தனக்கென ஓர் இலக்கு வைத்து அதற்காகப் பயிற்சி செய்தானா என்பதற்குத் தரலாம். அந்த இரண்டும் எந்தப் பிள்ளையின் கைக்கும் எட்டக்கூடியவை.

இவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்று இருக்கிறது. கற்றுக்கொடுக்காத பாடத்தில் தேர்வு வைப்பது எந்தப் பாடத்திலும் அநியாயம். 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் நன்றாக ஓடியாடி விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. வருடத்தில் ஒருநாள் மட்டும் விசில் ஊதி, ஸ்டாப்வாட்சை அமுக்கினால் அந்த எண் எதையும் அளக்கப்போவதில்லை. தலைமையாசிரியர்களும் பெற்றோரும் முதலில் அந்த பீரியடைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள். சோதனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.